கள்ளர் பாஷைக்கு நான் சொன்ன சாட்சி

போன மாதம் ஒரு பிள்ளை போன் எடுத்தவ. இஞ்சை கனடாவிலை பிறந்து வளந்த பிள்ளை, தமிழ் மொழிபெயர்ப்பாளராய் வேலை செய்யிறா. "அங்கிள், ஒரு பெடியன் போனிலை கதைச்சதைப் பதிஞ்ச ரேப் தந்திருக்கினம். மொழிபெயர்த்துக் குடுத்திட்டன். இப்ப அவன் எந்த ஊர், எந்தக் கூட்டத்தோட திரிஞ்சவன் எண்டு பேச்சை வைச்சு எழுதித் தரட்டாம். இஸ் தற் அலவ்ட், அப்பிடி எழுதலாமோ?" எண்டு கேட்டா. "எழுதாதை பிள்ளை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டன். ஏனெண்டு விளங்கப்படுத்தியிருக்க வேணும். அதுதான் விட்பியிலை மகன் வீட்டு பேஸ்மென்ரிலை இருந்து இதை எழுதுறன்.

நான் வேலை பாத்தது தமிழிலை இல்லை, ரஷ்யனிலை. மன்னாரிலை பிறந்த ஒருத்தன் ரொறன்ரோவிலை ரஷ்யக் கள்ளரின்ரை பேச்சைக் கேட்டுச் சீவிச்சவன் எண்டால் ஆரும் சிரிப்பினம். என்ரை மனிசி சிசிலியா இண்டைக்கும் சிரிக்கிறா. கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளை எஞ்சினியர் எண்டல்லோ சொன்னவை எண்டு கேப்பா.

எஞ்சினியர் எண்டதும் பொய்யில்லை. எழுபதுகளிலை புலமைப்பரிசில் கிடைச்சு மொஸ்கோவுக்குப் போய் நீர்ப்பாசனம் படிச்சனான். முதல் வருஷம் முழுக்கப் பாஷை மட்டும் படிப்பிச்சினம். மற்றதெல்லாம் விடுதியிலை படிச்சது. கனடாவுக்கு வந்தாப்போலை அந்தப் பட்டத்தை ஒருத்தரும் மதிக்கேல்லை. பிறம்ரனிலை ஒரு வெயர்ஹவுசிலை பெட்டி ஏத்தி இறக்கினன். பேந்து சோவியத் உடைஞ்சுது, ரஷ்யச் சனம் இஞ்சை வந்து குவிஞ்சுது, அதுகளுக்குப் பின்னாலை அதுகளின்ரை கள்ளரும் வந்தாங்கள். கள்ளரின்ரை போனை ஒட்டுக்கேக்கிற அரசாங்கக் கந்தோர் ஒண்டு ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் தேவையெண்டு விளம்பரம் போட்டுது. கந்தோரின்ரை பேர் வேண்டாம். சோதினை எழுதினன், எடுத்துப்போட்டினம். பெட்டி தூக்கின தோள் கொஞ்சம் ஆறிச்சுது.

அங்கை எங்களுக்கு மேலை இருந்தவ லிடியா ஸ்தெபானொவ்னா. அறுபது வயசிருக்கும், சின்ன உருவம், கோடையிலையும் கம்பளிச் சட்டை. தாய் தேப்பன் புரட்சிக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள். அதாலை அவவின்ரை ரஷ்யன் பழைய ரஷ்யன், எங்கடை கோயில் செபப்புத்தகம் மாதிரி. முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "உங்கடை தேப்பனாரின்ரை பேர் என்ன?" எண்டு கேட்டா. கபிரியேல் எண்டன். அதுக்குப் பிறகு நான் அவவுக்குச் சூசை கபிரியேலொவிச். கந்தோரிலை மற்ற எல்லாருக்கும் நான் மிஸ்டர் தாஸ். சூசைதாசன் எண்ட முழுப்பேர் சொல்ல அவைக்கு நாக்குப் பிரளேல்லை. தேப்பன்ரை பேரைச் சேத்து மரியாதையாய்க் கூப்பிட்ட ஒரே ஆள் அவதான். எங்கடை சனமும் தேப்பன்ரை பேரை முன்னுக்குப் போட்டுத்தானே எழுதிறது, அதாலை எனக்கு அது வீட்டுக் குரல் மாதிரிக் கேட்டுது.

வேலை முறை அவ வைச்ச முறைதான். காதிலை ஹெட்செற், காலுக்குக் கீழை பெடல். பெடலை அமத்தினால் ரேப் ஓடும், குதியாலை அமத்தினால் பின்னுக்கு வரும். ஒரு ரேப்பை முதல் தரம் கேக்கேக்கை பேனையைத் தொடக் கூடாது. கையை மடியிலை வைச்சுக்கொண்டு கேக்கவேணும். இரண்டாந்தரம் ரஷ்யனிலை சொல்லுக்குச் சொல் எழுதவேணும், இருமினால் இருமல் எண்டும் எழுதவேணும். மூண்டாந்தரம்தான் இங்கிலிஷ். கேக்காத இடத்திலை 'கேக்கேல்லை' எண்டு எழுதவேணும். ஊகம் எழுதினால் தாளைக் கிழிச்சுப்போட்டு, சத்தம் போடாமல் புதுத் தாள் ஒண்டை முன்னாலை வைப்பா. அந்தப் புதுத் தாளுக்கு நாங்கள் பயந்த மாதிரி ஏச்சுக்குப் பயந்திருக்க மாட்டம்.

ஒரு விஷயத்திலை மட்டும் அவ எங்களிலை தங்கியிருந்தா. கள்ளர் பாஷை அவவுக்கு விளங்காது. ஃபேன்யா எண்டு அதுக்குப் பேர். ஊத்தைச் சொல் வந்தால் ஹெட்செற்றைக் கழட்டி என்னட்டைத் தருவா, யன்னல் இல்லாத அந்த அறையிலை யன்னலைப் பாக்கிற மாதிரிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிப்பா.

எனக்கு அது ஒரு பித்தாய்ப் போச்சுது. சின்னச் சின்ன மட்டைகளிலை சொல்லுகளை எழுதிச் சப்பாத்துப் பெட்டியிலை அடுக்கினன். நூலகத்திலை கிடைச்ச புத்தகமெல்லாம் வாசிச்சன். இது முதல்லை கள்ளரின்ரை பாஷையே இல்லை. ஊரூராய்ப் பொட்டளி தூக்கித் துணியும் படமும் வித்த யாவாரிமார், வாங்க வந்தவைக்கு விலை விளங்கக் கூடாதெண்டு தங்களுக்குள்ளை உண்டாக்கின பேச்சு. எங்கடை மாட்டுத் தரகர் துவாய்க்குக் கீழை விரலைப் பிடிச்சு விலை பேசின மாதிரித்தான். யாவாரியோட ஒரே மடத்திலை படுத்த பிச்சைக்காரர் அதைப் பிடிச்சினம், பிச்சைக்காரரிட்டையிருந்து முடிச்சுமாறியள் பிடிச்சினம். கருங்கடல் துறைமுகத்து யூதச் சனத்தின்ரை சொல்லுகள் வந்து கலந்தது. 'க்ஸீவா' எண்டால் அதிலை கடதாசி, அடையாளப் பத்திரம். அது எபிரேயச் சொல். பேந்து மறியல், சிறைச்சாலை. அதுக்குப் பேந்து சைபீரியாப் பக்கத்து முகாமுகள். தொழில்முறைக் கள்ளர் அங்கை தங்களுக்கெண்டு சட்டம் வைச்சு, உடம்பு முழுக்கப் பச்சை குத்தி, அந்தப் பேச்சைத் தங்கடை கொடியாக்கினாங்கள்.

நான் அந்த இடத்திலை நிண்டிட்டன். அதுக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு என்ன நடந்ததெண்டு என்ரை மட்டையிலை இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். அதுதான் இந்தக் கதை.

மொஸ்கோவிலை எங்களுக்கு நீரியல் படிப்பிச்ச பேராசிரியர் ஒருத்தர் இருந்தவர். கழுத்துப்பட்டி கட்டாமல் வெளியிலை வராத மனிசன். ஒருநாள் ஆய்வுகூடத்திலை தண்ணிப் பம்பு வெடிச்சு முழங்கால் மட்டும் தண்ணி. அந்த மனிசன்ரை வாயிலையிருந்து அண்டைக்கு வந்த பேச்சு, எங்கடை விடுதிக் காவல்காரன்கூடக் கதைக்காத பேச்சு. வகுப்பு விறைச்சுப்போய் நிண்டுது. படியாலை இறங்கேக்கை என்ரை ரஷ்யக் கூட்டாளி காதுக்குள்ளை சொன்னான்: "எட்டு வருஷம் உள்ளுக்கை இருந்தவர். ஒரு கட்டுரை எழுதினதுக்கு." முகாமிலை கள்ளரையும் படிச்சவையையும் ஒரே பலகையிலை படுக்க வைச்சினம். ஒரே பேச்சுத்தான். அப்ப நாட்டை ஆண்ட மீசைக்காரர் செத்த பிறகு லட்சக்கணக்கிலை வெளியிலை விட்டினம், அவையள் அந்தப் பேச்சையும் வீட்டை கொண்டு வந்தினம். இது எனக்கு இருபத்திரண்டு வயசிலையே தெரியும்.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதியிலை கந்தோர் ஒரு புதுப் படிவம் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்புக்குக் கீழை, கடைசியிலை ஒரு பெட்டி. 'பேசுபவரின் பின்னணி: மொழிபெயர்ப்பாளரின் அபிப்பிராயம்.' லிடியா ஸ்தெபானொவ்னா அடிமட்டம் வைச்சு அந்தப் பெட்டிக்குக் குறுக்காலை ஒரு கோடு போடுவா. ஒவ்வொரு படிவத்திலையும். எங்களையும் போடச் சொன்னா. "கேட்டதை எழுதத்தான் எங்களை வைச்சிருக்கினம், சூசை கபிரியேலொவிச். கதைச்ச ஆளை எழுத இல்லை" எண்டா.

அந்த வருஷம் மாரியிலை அவ பனியிலை சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறிச்சுப்போட்டா. நாலைஞ்சு மாதம் வரேல்லை. அவவின்ரை வேலையை நான் பாத்தன். புலனாய்வுப் பொறுப்பதிகாரி ஒருத்தர் என்ரை மேசைக்கு வந்து இருப்பார், நல்ல மனிசன், வாயிலை எந்த நேரமும் சூயிங்கம். "தாஸ், வெறுஞ் சொல்லுகள் எனக்குத் தேவையில்லை. இவங்கள் ஆர் எண்டு எனக்குச் சொல்லு. உன்னைவிட ஆருக்குத் தெரியும்?" எண்டார். இன்னொண்டும் சொன்னார். ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கிறதுக்கு என்ரை பேரைக் குடுத்திருக்கிறாராம். வெயர்ஹவுசிலை பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'ஹேய்' எண்டு கூப்பிட்ட சனத்துக்குள்ளை இருந்து வந்தவன் நான். எனக்குத் தலை வீங்கிப்போட்டுது. நான் அந்தப் பெட்டியை நிரப்பத் தொடங்கினன். இடம் காணாமல் பின்பக்கத்திலையும் எழுதினன்.

அப்பதான் கிரிகோரியின்ரை ரேப் வந்தது.

களவெடுத்த கார்களைக் கழட்டி விக்கிறான் எண்டு ஒரு கராஜ்காரனை ஒட்டுக்கேட்டுக்கொண்டு இருந்தினம். ஒவ்வொரு ஞாயிறு காலமையும் அவனுக்கு ஒரு ஆள் போன் எடுக்கும். அதுதான் கிரிகோரி. அம்பத்தாறு வயசு. மகள் தமாரா பொறுப்பு நிண்டு கூப்பிட்ட ஆள், பதர்ஸ்ட் வீதியிலை அவளோட இருக்கிறார், ஒரு வெதுப்பகத்திலை மாவு மூட்டை இறக்கிறார். நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. இவ்வளவும் பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்கு வந்தது குரல் மட்டும்.

அந்தக் குரல் இடுப்பைக் கொல்லுற நாரிப்பிடிப்பைப் பற்றிக் கதைக்கும். சப்பாத்து ஈரமாகிறதைப் பற்றிக் கதைக்கும். போன கிழமை தோத்த சதுரங்கத்தைத் திருப்பித் திருப்பி விளையாடும். ஆனால் கதைச்ச விதம் இருக்கே, அப்பிடி ஒரு ஃபேன்யாவை நான் கேட்டதேயில்லை. எங்கடை மற்ற ரேப்புகளிலை இருக்கிற இளம் றவுடியள் படம் பாத்துப் பழகின மாதிரி இடைக்கிடை ரண்டு சொல் போடுவாங்கள். இந்த மனிசனுக்கு அது மூச்சு. வெதுப்பகத்திலை தாற பாணை 'பாய்க்கா' எண்டார். முகாமிலை அளந்து குடுக்கிற பங்குக்கு அதுதான் சொல். மகளின்ரை அப்பார்ட்மென்ரை மறியல் அறைக்குச் சொல்லுற சொல்லாலை சொன்னார். நான் வாசிச்சு மட்டுமே அறிஞ்ச பழைய சொல்லுகள் உயிரோட வந்து காதிலை விழுந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசம். மட்டை எழுதி எழுதிக் கை உளைஞ்சுது.

பொறுப்பதிகாரிக்கு அதைவிடச் சந்தோசம். நாரிப்பிடிப்பும் சதுரங்கமும் ஏதோ சங்கேதம் எண்டு நினைச்சார். அப்பிடி இல்லையெண்டு நான் சொன்னன், அதை மட்டும் ஒழுங்காய்ச் சொன்னன். "அப்ப ஆள் ஆர்?" எண்டார். நான் பெட்டியிலை எழுதினன்: 'இது தொழில்முறைக் கள்ளர் சகோதரத்துவத்தின் பேச்சு. இவ்வளவு சரளமாகப் பேசுபவர் பல வருடம் அதற்குள் வாழ்ந்தவராகவே இருக்க வேண்டும்.' ஒருக்கால் வாசிச்சுப் பாத்து, வசனம் நல்லாய் வந்திருக்குதெண்டு திருப்திப்பட்டன்.

அந்த மனிசனிலை ஒரு குற்றமும் சாட்டேல்லை. சாட்ட ஒண்டும் இல்லை. குற்றக் கூட்டமொண்டின்ரை ஆள் எண்டபடியால் நாட்டிலை இருக்கத் தகுதியில்லை எண்டு குடிவரவு விசாரணை வைச்சினம். ரஷ்யாவிலையிருந்து அவரைப் பற்றி ஒரு பதிலும் வரேல்லை. கையிலை இருந்தது என்ரை தாள்தான்.

விசாரணையண்டுதான் ஆளைக் கண்டன். நெடுவல், நரைச்ச தலை, மகள் வாங்கிக் குடுத்த புதுச் சேட். அறை வெக்கையாய் இருந்ததாலை கையை முழங்கை மட்டும் மடிச்சு விட்டிருந்தார். கையிலை ஒரு பச்சையும் இல்லை. விரலிலையும் இல்லை. சேட்டின்ரை மேல் தெறி ரண்டும் திறந்திருந்தது, நெஞ்சிலையும் ஒண்டுமில்லை. பல வருஷம் அந்தச் சகோதரத்துவத்துக்குள்ளை இருந்தவனுக்கு இது நடக்காத காரியம். பச்சைகளைப் பற்றியும் என்னட்டை மட்டைகள் இருந்தது.

விவிலியத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினன். அவரின்ரை வக்கீல் இளம் பெட்டை, தடிமன் பிடிச்ச குரல். தாளைப் பாத்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டா. "மிஸ்டர் தாஸ், கள்ளனாக இல்லாத ஒருவர் இப்படிப் பேச முடியுமா?"

எனக்கு அந்தப் பேராசிரியரின்ரை முகம் வந்தது. தண்ணிக்குள்ளை கழுத்துப்பட்டியோட நிண்ட நிலை அப்பிடியே வந்தது. 'முடியும், எனக்கே ஒருத்தரைத் தெரியும்' எண்டு சொல்ல இரண்டு செக்கன் காணும். பொறுப்பதிகாரி எனக்கு நேரை இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். என்ரை தாள் மேசையிலை கிடந்தது, என்ரை கையெழுத்தோட. பின்பக்கமும் எழுதின தாள். இப்ப மாத்திச் சொன்னால் அதுவரைக்கும் நிரப்பின பெட்டியெல்லாம் என்னாகும், நிரந்தர வேலை என்னாகும் எண்டு யோசிச்சன். யோசிச்சனான், மறைக்கேல்லை. "அதற்கான சாத்தியம் மிகக் குறைவு" எண்டன்.

கிரிகோரிக்குப் பக்கத்திலை இருந்து வேறை ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை ரஷ்யனிலை சொன்னார். மனிசன் என்னைப் பாத்தார். கோவமில்லை. கறுவல் ஒருத்தன் தன்ரை பேச்சைப் பற்றி என்ன சொல்லுறான் எண்டு விளங்காத பார்வை. பின்னாலை தமாரா கைப்பையை மடியிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள்.

ரண்டு கிழமையிலை தீர்ப்பு வந்தது. வெளியேறவேணும். கிரிகோரியை விமானத்திலை ஏத்திவிட்டினம் எண்டு பொறுப்பதிகாரி கோப்பி குடிச்சுக்கொண்டே சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமாச்சுது.

ஞாயிறு கோயிலுக்குப் போகேக்கை காரிலை வைச்சு சிசிலியாவுக்குச் சொன்னன், பெருமை மாதிரித்தான் தொடங்கினன். அவ கடைசிவரைக்கும் கேட்டா. பேந்து, "லீவிலை ஊருக்குப் போகேக்கை உங்களை ரெயினிலை மறிச்சவங்களெல்லே" எண்டா. நான்தான் அவவுக்குச் சொன்ன கதை. அனுராதபுரத்தடியிலை ஏறின சிங்களக் கும்பல், தமிழரைப் பேச்சிலை பிடிக்கவெண்டு, ஒரு வாளியைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்திலை இதுக்கு என்ன பேர், சொல்லு எண்டு ஒவ்வொருத்தராய்க் கேட்டுக்கொண்டு வந்தது. நான் சொன்ன விதத்திலை தப்பினன். எனக்கு முன் சீற்றிலை இருந்த மனிசன் தப்பேல்லை. "வாளியை நீங்கள் தூக்கிப் பிடிச்சிருக்கிறியள்" எண்டா சிசிலியா. பூசை முழுக்க அவ என்ரை பக்கம் திரும்பேல்லை.

லிடியா ஸ்தெபானொவ்னா பொல்லூண்டிக்கொண்டு திரும்பி வந்தா. நான் செய்த கோப்புகளை ஒவ்வொண்டாய் எடுத்து வாசிச்சா. கிரிகோரியின்ரை கோப்பிலை கனநேரம் நிண்டா.

"இதிலை ஒரு பிழையும் இல்லை. நல்ல மொழிபெயர்ப்பு" எண்டா. பேந்து, "இந்த ஆளை நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தன். விசாரணையிலை."

"அப்ப எழுதேக்கை பாக்கேல்லை."

அவ்வளவுதான். கோப்பை மூடி அடுக்கிலை வைச்சா. அண்டையிலையிருந்து நான் அவவுக்கு மிஸ்டர் தாஸ். ஓய்வெடுத்துப் போன நாளிலைகூட 'குட்பை, மிஸ்டர் தாஸ்' எண்டு கை தந்திட்டுப் போனா. அதுக்குப் பிறகு இந்த நாட்டிலை என்ரை அப்பான்ரை பேரை ஆரும் சொல்லேல்லை.

ஒரு வருஷத்துக்குக் கிட்டப் போயிருக்கும். கீழை வரவேற்பறையிலை என்னைத் தேடி ஒரு பொம்பிளை வந்திருக்கிறா எண்டு சொன்னினம். தமாரா. கையிலை ஒரு கடித உறை. சுத்தமான, பள்ளிக்கூடத்து ரஷ்யனிலை, ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைச்சு எனக்கு வணக்கம் சொன்னாள். நான் ஆரெண்டு சொல்லத் தொடங்க, "தெரியும்" எண்டாள். "நீங்கள்தான் மொழிபெயர்க்க வேணுமெண்டு வக்கீல் சொன்னவ. வேறை ஆள் செய்தால் பிரயோசனம் இல்லையாம்."

ரஷ்யாவிலை பழைய ஆவணக் காப்பகம் ஒண்டிலையிருந்து வந்த கடதாசி, க்ஸீவா அது. கிரிகோரியின்ரை தாய் புவியியல் படிப்பிச்ச ஆசிரியை. வகுப்பிலை சொன்ன ஒரு கதைக்காகப் பத்து வருஷம் முகாம். பிறகு அந்த மனுசி குற்றமற்றவ எண்டு அரசாங்கமே எழுதி முத்திரை குத்தியிருந்தது. மூண்டாம் பக்கத்திலை, முகாம் வைத்தியசாலைப் பதிவு. உடுப்பு, போர்வை, சப்பாத்து எண்டு எழுதிக்கொண்டு வந்து, அதே வரிசையிலை 'குழந்தை: ஆண், ஒன்று' எண்டு இருந்தது. முகாமிலை பிறந்து, முகாம் பிள்ளையள் மடத்திலை வளந்த ஆள். அவருக்கு வேறை என்ன பேச்சு வரும்?

லிடியா ஸ்தெபானொவ்னா சொல்லித் தந்த மாதிரி, மூண்டு தரம் வாசிச்சு எழுதினன். முத்திரையின்ரை உடைஞ்ச எழுத்தையும் உடைஞ்சது எண்டு எழுதினன். கடைசி வரிக்கு வரேக்கை கண்ணாடியைக் கழட்டவேண்டி வந்தது.

வக்கீலுக்கு அது மட்டும் காணாது. என்ரை சாட்சியை நானே திருப்பி எடுக்கவேணும். சத்தியக் கடதாசியிலை ரண்டு வசனம். ஒண்டு, இந்தப் பேச்சை வைச்சு ஒருத்தரைக் கள்ளன் எண்டு சொல்ல ஏலாது. மற்றது, இது எனக்கு விசாரணையண்டே தெரியும். முதல் வசனத்தை உடனை எழுதினன். மற்றதுக்கு மூண்டு நாள் எடுத்தன். சிசிலியா பேனையைக் கொண்டுவந்து சோத்துக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சிட்டுப் போனா. எழுதினன். அந்த மாத முடிவிலை எனக்கு வேலை இல்லையெண்டு கடிதம் வந்தது, அது நியாயம்தான். ரெக்ஸ்டேலிலை ஒரு ட்ரக் கொம்பனியிலை ரஷ்ய ட்றைவர்மாருக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கப் போனன். அங்கைதான் ஓய்வெடுக்கும் வரைக்கும் இருந்தன்.

கடதாசியள் மெல்லமாய்த்தான் நகருது இந்த நாட்டிலை. ஒண்டரை வருஷத்துக்குப் பிறகு தமாரா போன் எடுத்தாள். பழைய தீர்ப்பை நீக்கிப்போட்டினம், தேப்பன் திரும்பி வரலாமாம். ரஷ்யாவிலை கடவுச்சீட்டுக் கந்தோரிலை காட்ட அந்தக் கடிதத்துக்கு ரஷ்யன் வேணும். நான் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதர்ஸ்ட் வீதி வீட்டுக்குப் போனன். ஒரு அறை, விறாந்தை மாதிரி ஒரு இருப்பறை, சமைக்கச் சின்னக் குசினி. தேப்பனுக்கெண்டு வாங்கின கட்டில் விரிப்பு மாத்தி, தலாணி நிமித்தி வைச்சபடி இருந்தது. தேத்தண்ணி தந்தாள். அதே அளந்த ரஷ்யன். "நீங்கள் அப்பாவோடை கதைக்கவேணும் எண்டு சொன்னனீங்கள்" எண்டு, கோட்லெஸ் போனிலை நம்பரை அமத்தி என்னட்டைத் தந்தாள். மன்னிப்புக் கேக்கத்தான். எப்பிடித் தொடங்கிறதெண்டு கார் ஓடேக்கை முழுக்கச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான்.

நான் பேரைச் சொன்னன். பேந்து அந்தக் குரல், ரேப்பிலை கேட்ட அதே குரல்.

"நீதான் எழுதினவனோ? வக்கீல் தந்த தாளெல்லாம் மகள் எனக்கு வாசிச்சுக் காட்டினவள். ஒரு சொல் பிழையில்லை. என்ரை நாரிப்பிடிப்புக்கூடச் சரியாய் இருந்தது. எங்கை படிச்சனி?"

"மொஸ்கோவிலை. மிச்சம் புத்தகத்திலை."

"புத்தகத்திலையோ" எண்டு சிரிச்சு, இருமினார். "நான் தொட்டிலிலை படிச்சன். அம்மாவுக்கு நல்ல பாஷை தெரியும், ரீச்சரெல்லோ. நான் பேசப் பழகேக்கை அவவை என்னட்டை விடேல்லை. ஒன்பது வயசிலை வந்து கூட்டிக்கொண்டு போனா. நான் வாயைத் திறந்தாப்போலை இருந்து அழுதா. பேந்து அவவும் என்ரை பேச்சையே பேசினா. எனக்கு விளங்கவேணுமே."

மன்னிப்பு எண்ட சொல்லை எப்பிடியோ சொன்னன். அவர் அதைக் கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளேல்லை. கடிதம் வந்திட்டுது, நீங்கள் வரலாம், மகள் கட்டில்கூட விரிச்சு வைச்சிருக்கிறா எண்டன்.

"நான் வரேல்லை" எண்டார். "இஞ்சை இப்ப எல்லாரும் என்னை மாதிரித்தான் கதைக்கினம். ரிவியிலை மந்திரிமாரும், பாண் விக்கிற பெட்டையும். ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை. அங்கை வந்து நான் என்ன செய்யிறது? போனிலை கூட்டாளியோடை கதைக்கேக்கையும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ? சாகும் மட்டும் ஊமையாய் இருக்கிறதோ? நீ சொல்லு, உனக்குத்தானே இந்தப் பேச்சைப் பற்றி எல்லாம் தெரியும்."

நான் மேசையிலை கிடந்த கடிதத்தை மடிச்சு வைச்சன்.

"மகளிட்டைக் குடு" எண்டார்.

அவள் என்ரை முகத்திலையே விஷயத்தை அறிஞ்சிட்டாள். போனை வாங்கி "பாப்பா" எண்டாள், ரஷ்யனிலை அப்பா. அடுத்த சொல்லு அந்தப் பேச்சு. தேப்பன்ரை அதே பேச்சு, அதே இழுப்பு, அளவில்லை, சுத்தமில்லை, தொண்டைக்குள்ளையிருந்து வந்தது. அவளின்ரை குரல் அப்பிடி இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. ரண்டு சொல்தான் கேட்டன். அதுக்குள்ளை நான் இருக்கிறது ஞாபகம் வந்து, வாயிலை கையை வைச்சாள். என்னைத் திரும்பிப் பாத்துக்கொண்டே எழும்பி, போனை நெஞ்சோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினாள். நான் கேட்டிடக் கூடாதெண்டு உள்ளுக்கை தண்ணிப் பைப்பையும் திறந்துவிட்டாள்.